பார் பறக்கட்டும் பேராண்டி

வாடா பயில்வான்! ஓசூர் சிப்காட்ல ஷிப்டு முடிச்சு, காவேரிப்பட்டினத்துல பஸ்ஸை விட்டு எறங்கினதும் நேரா ஜிம்முக்குள்ள பூந்துடற. நல்ல புள்ள. நேத்து ஜன்னல் வழியா பார்த்தேன். நூறு கிலோவைத் தோள்ல வெச்சு ஒக்காந்த. நீ எழுந்திரிக்கறதுக்குள்ள எனக்கு டீ ஆறிப்போச்சு. மூஞ்சி செவந்துச்சு, முதுகு வளைஞ்சுச்சு, பக்கத்துல ஒருத்தன் போன்ல படம் வேற புடிக்கறான்.

கனமா தூக்கினாத்தான் பலமாம். நம்ம பக்கம் எருது விடறப்ப பரிசு யாருக்குடா? கொழுத்த மாட்டுக்கா, குறைஞ்ச நொடியில ஓடி முடிச்ச மாட்டுக்கா?

அமெரிக்காவுல, ஒஹாயோவுல லூயி சிம்மன்ஸ்னு எடை தூக்கக் கத்துக்குடுக்கற ஒரு கெழவன் இருந்தான், 2022ல போய்ட்டான். என்னை மாதிரியே வம்புக்காரன். வாரத்துல ஒரு நாள் கனம், இன்னொரு நாள் வேகம்னு பசங்களைப் பிரிச்சு ஓட்டினான். வேக நாள்ல உன் நூறுக்கு அம்பது, அறுபது கிலோ போதும். ரெண்டே ரெண்டு தடவை, ஆனா வெடிச்ச மாதிரி எழுந்திரிக்கணும். ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு மறுபடி. அப்படிப் பத்து செட்டு. நிறையை முடுக்கத்தால பெருக்கினா விசைன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே, அப்ப எங்கடா போயிருந்த?

இதுல ஒரு சூட்சுமம். லேசான எடையை வேகமா தள்ளினா, உச்சிக்குப் போறதுக்குள்ள ஒடம்பே பிரேக் போட்டுடும். அதுக்குத்தான் பார்ல சங்கிலியோ ரப்பர் பட்டையோ மாட்டறானுங்க. ஏற ஏற கனம் கூடும், நீ கடைசி வரைக்கும் தள்ளியே ஆவணும்.

நம்மூர்க்காரன் யாருன்னு மொறைக்காத. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014ல கிளாஸ்கோ காமன்வெல்த்ல, 77 கிலோ பிரிவுல, ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினான். 2018ல கோல்டு கோஸ்ட்லயும் தங்கம். ஸ்னாட்ச்சை உன்ன மாதிரி ஆடி அசைஞ்சு தூக்கிப் பாரேன்! பார் மேல போற அந்த நொடியில நீ அடியில பூந்து புடிக்கணும். அவன் கனத்தையும் விடல, வேகத்தையும் விடல. அதனால கனத்தை மொத்தமா கைவிட்டுட்டு வந்து என்னைத் திட்டாத.

எறக்கறப்ப மட்டும் நிதானம்; பொத்துனு விட்டா முட்டி போயிரும். ஏத்தறப்ப பார் மெதுவாயிடுச்சுன்னா உடனே எடையைக் கழட்டு. பசங்க முன்னாடி வெக்கமா இருந்தா ஜன்னல் பக்கம் ஒரு கொரல் குடு, நானே வந்து கழட்டறேன்.