வீட்டுப்பாடம் அல்ல, வேலை!

கேள்வி: அலுவலக வேலையில் வந்த நிரல் சந்தேகத்தை இணையத்தில் கேட்டால், “வீட்டுப்பாடத்தை நீயே செய்” என்கிறார்களே! என்ன சொல்வது?

பதில்: கோபத்தைக் காட்டாமல், எழுதிய நிரலைக் காட்டுவதே சிறந்த பதில்.

வீட்டுப்பாடமோ என்ற ஐயம் எழக் காரணம் உண்டு. பகா எண், ஃபிபொனாச்சி, வரிசைப்படுத்தல் எல்லாம் பாடப்புத்தகத்தின் நிரந்தரக் குடிகள். நிரலாளர் எரிக் ரேமண்ட் 2001-ல் வெளியிட்ட, கேள்வி கேட்கும் முறை பற்றிய கையேடே வீட்டுப்பாடக் கேள்வி வேண்டாம் என்கிறது. அனுபவசாலிகள் அதை எளிதில் கண்டுபிடிப்பார்களாம்.

ஆனால் கணிப்பு தவறலாம். 1939-ல் பெர்க்லியில் வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவர் ஜார்ஜ் டான்ட்சிக், பேராசிரியர் ஜெர்சி நெய்மன் கரும்பலகையில் எழுதியிருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்றே நினைத்தார். செய்து முடித்துக் கொடுத்தும் விட்டார். அவை புள்ளியியலில் அதுவரை எவரும் தீர்க்காத சிக்கல்கள்!

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் ‘வீட்டுப்பாடம்’ என்ற குறிச்சொல்லையே 2012-ல் கைவிட்டது.

எனவே கேட்பவர் செய்ய வேண்டியது இதுதான்: பிழையைக் காட்டும் சிறு நிரல், பிழைச்செய்தி முழுவதும், கொடுத்த உள்ளீடு, எதிர்பார்த்த விடை. அதோடு பணிவாக ஒரு வரி: “இது சம்பளப் பட்டியல் நிரல், பிப்ரவரி 29 அன்று மட்டும் தவறான தொகை வருகிறது.”