ஆதார் (7)

நேற்று ராத்திரி ஒரே ஒரு தாளை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனேன். சி டிரைவில் இடமில்லை என்றது கம்ப்யூட்டர். நான் என்ன மகாபாரதத்தையா சேமிக்கக் கேட்டேன்? டிரைவ் நிரம்பிவிட்டதைக் காட்டும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த எரிச்சலில் இன்று காலை காபிகூட ருசிக்கவில்லை.

போன இடத்தை மீட்பது எப்படி என்று இதில் சொல்லப்போகிறேன். அதற்கு முன், அது போவது எப்படி என்று பார்த்துவிடலாம்.

முதல் வெட்டு டப்பாவிலேயே விழுகிறது. மேலே 512 ஜி.பி. என்று அச்சடித்திருப்பார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் 476. செய்து விற்பவர்களுக்கு ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 107 கோடிக்கும் மேல். இரண்டு கணக்கும் சரியாம். அப்படியானால் தப்பு காசு கொடுத்தவனிடம்தான் இருக்கவேண்டும்.

மிச்சத்தைத் தின்றது யார் என்று பார்க்க டவுன்லோட்ஸைத் திறந்தேன். ஆதார். ஆதார் (1). ஆதார் (2). இப்படியே (7) வரை. மூன்றுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. பெயரின் முதல் நாலெழுத்தும் பிறந்த வருஷமும். அதை மறந்துதானே நாலாவதை இறக்கியதே! திறந்தால் இரண்டிலும் அதே மூஞ்சி, திருட்டு முழி உட்பட. சிம் கார்டுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, பத்திரப்பதிவுக்கு ஒன்று. கேட்கிற இடத்தில் எல்லாம் புதிதாக இறக்கிக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? 'ஆதார் ஃபைனல்' என்றுகூட ஒன்று இருக்கிறது. ஆதாரில் ஏதய்யா ஃபைனல்? அதன் பக்கத்தில் 'ஆதார் ஃபைனல் புதுசு'. அதற்கும் பக்கத்தில் 'ஆதார் அம்மா'. திறந்தால் மறுபடியும் நான். அம்மாவுடையது 'ஸ்கேன் 0001' என்ற பெயரில், தலைகீழாக, 'நியூ ஃபோல்டர்' உள்ளே இருக்கும் இன்னொரு 'நியூ ஃபோல்டரில்' கிடந்தது.

அதன் கீழே மைத்துனர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை, மூன்று பிரதி. ஒன்றில் முகூர்த்த நேரம் தப்பு, ஒன்றில் மண்டபத்தின் பெயர் தப்பு. அந்தப் பெண்ணின் குழந்தைக்கு மொட்டையடித்துக் காதும் குத்தியாயிற்று. அழிக்கப் போனேன். பின்னாலிருந்து குரல்: "ஏங்க, கல்யாணப் பத்திரிகையைப் போய் குப்பைத்தொட்டியில போடுவாங்களா?"

பத்திரிகை பிழைத்தது. ஆதார்களைக் கழித்ததில் கிடைத்த இடம் 10 எம்.பி. சொச்சம். 1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். என் ஆதார்களில் பாதி அதற்கு வெளியேதான் நின்றிருக்கும்.

நிஜமாகவே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை கண்ணில் படுவதே இல்லை. கம்ப்யூட்டர் 'ஹைபர்னேட்' என்ற நெடுந்தூக்கத்துக்குப் போகும்முன் நினைவகத்தில் இருப்பதை எழுதிவைக்க 'ஹைபர்ஃபில்' என்ற ஒளித்துவைத்த ஃபைல், ஜி.பி. கணக்கில். நினைவகம் போதாதபோது எடுத்துக்கொள்ள 'பேஜ்ஃபைல்', அதுவும் அப்படியே. பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' உள்ளே. தட்டினால் உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. சொந்த வீட்டுப் பரணில் ஏற வாடகைக்காரனிடம் கடுதாசி வாங்கவேண்டுமாம்! 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் இன்னும் மோசம். அதிலுள்ள ஃபைல்கள் பலவற்றுக்கு வேறு ஃபோல்டரிலும் பெயர் உண்டு, சரக்கு ஒன்றுதான். அதனால் அளவு பார்த்தால் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். கோபத்தில் அதை அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காது.

மீட்பது எப்படி என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் மைத்துனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டாவது பெண்ணின் பத்திரிகை வந்துவிட்டது. வீடியோவாக, நாதஸ்வரத்தோடு, 46 எம்.பி.; இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகையைக் காகிதத்தில் அடித்து, நேரில் கொண்டுவந்து கொடுங்கள். காபி தருகிறோம்.