எங்க வீட்லயும் இருந்துச்சு

போன ஞாயிறு முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நான் முக்கால்வாசி பார்த்தது ஒரு ஊதாச் சட்டைக்காரரின் முதுகைத்தான். முதுகு பரவாயில்லை, பேசாது. அவர் பேசினார்: "இதே அண்டா எங்க அப்பத்தா வீட்ல ஏழு இருந்துச்சு."

இருந்திருக்கும். யார் வீட்டில்தான் இல்லை? அண்டா, கொப்பரை, பர்மாத் தேக்கு ஊஞ்சல், நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத பெட்டி. எங்கே போயிற்று என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும். நானே சொல்கிறேன். பித்தளைக் குடத்தைப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கினார் சித்தி. ஊஞ்சல் கூடத்தை அடைக்கிறது என்று கழற்றிவிட்டு, அதைவிட அதிகம் அடைக்கிற சோபாவை இறக்கினார் சித்தப்பா. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய், நாய்க்குத் தண்ணீர் தொட்டியாகி, ஒருநாள் நாயோடு காணாமல் போனது. தூண்கள் எட்டு, பங்காளிகள் நாலு பேர், ஆளுக்கு ரெண்டு. பிறகு வீடு எப்படி நிற்கும்? தூண்கள் நேராகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. அங்கே பத்து மடங்கு விலை கொடுத்து அவற்றை வாங்கி, ஃப்ளாட்டில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பாரம்பரியம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான் பேரன். தூண் எதையும் தாங்கவில்லை. அவனுடைய மாதத் தவணைதான் தூணைத் தாங்குகிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டி, ஒழுகும் ஓடு. ஆனாலும் அன்று ஊதாச் சட்டைக்காரரிடம், "எங்க வீட்ல எட்டு" என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது அங்கிருக்கும் புதுப்பள்ளி வீட்டைப் பற்றி. கோட்டயம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர் குடும்பம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடு. பலகை பலகையாகப் பிரித்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே ஆள் ஒரு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவருகிறான். நம் ஆட்களுக்குக் கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லை வீட்டுக்குள் எடுத்துவைக்க இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்த வீட்டின் நெல் அறை இருக்கிறதே, அதைப் பற்றித்தான்... எங்கே விட்டார் அவர்!

"இதுவும் எங்க வீட்ல இருந்துச்சு."

"அண்ணே, நீங்க தேவகோட்டைனு சொன்னீங்க."

"பெரியம்மாவைக் கோட்டயத்துலதான் குடுத்திருக்கு."

சொல்லிக்கொண்டே பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஓரமாக நின்ற காவலாளியைக் கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப குடுத்தா கன அடி என்னா விலைக்குப் போகும்?"