கோபுரம் சாயாத லென்ஸ்

கே: 4×5 கேமராவும் 150 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். கோபுரங்களை எடுக்க ஒரு வைட் ஆங்கிள் வேண்டும். 90-ஆ, 75-ஆ? (மதுரை வாசகர்)

ப: 90. எண் குறையக் குறைய உயரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைத்திருப்பீர்கள். பிடிக்காது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். அதனால் கேமராவை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, லென்ஸை மட்டும் மேலே ஏற்றுகிறோம். இந்தப் பெட்டியைத் தோளில் சுமப்பதே அதற்காகத்தான். எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது, லென்ஸ் தனக்குப் பின்னால் விழவைக்கும் ஒளிவட்டம். ஃபிலிமின் நான்கு மூலையும் அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை ஏற்றலாம்.

4×5 ஃபிலிமில் படம் விழும் இடம் சுமார் 96-க்கு 120 மி.மீ.; மூலைக்கு மூலை 154. ஷ்னைடர் சூப்பர்-ஆங்குலான் 90 எஃப்/8 லென்ஸின் வட்டம், எஃப்/22-க்கு மூடினால், 216 மி.மீ. ஃபிலிமை நெட்டுக்குத்தாக வைத்து 36 மி.மீ. வரை ஏற்றலாம். ரோடன்ஸ்டாக் கிராண்டகான்-என் 75 எஃப்/6.8-இன் வட்டம் 187. அதில் 20 மி.மீ.தான் ஏறும். முழுக்க ஏற்றிவிட்டுப் பாருங்கள்: இரண்டு லென்ஸும் மேல்நோக்கி ஏறத்தாழ 47 டிகிரியில் போய் நின்றுவிடும். 75-இல் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது கீழே தரையும், பக்கத்தில் வளையல் கடையும்தான். கோபுரமோ சிறுத்துவிடும்.

உங்கள் ஊர் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். 90-ஐ 31 மி.மீ. ஏற்றினால் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று கலசம்வரை எடுத்துவிடலாம். ஏற்றாமல் எடுக்க வேண்டுமானால் 75 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அப்படிப் போனாலும் படத்தின் கீழ்ப்பாதி தெருவுக்குப் போய்விடும்.

கே: பழைய ஆங்குலான் 90 எஃப்/6.8 மலிவாகக் கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வாங்கலாமா? (நாகர்கோவில்)

ப: மலையேறுகிறவர் வாங்கலாம், கோபுரம் எடுக்கிறவர் வாங்கக் கூடாது. அதன் வட்டம் சுமார் 154 மி.மீ. ஃபிலிமின் மூலைவிட்டமும் அதுவே. லென்ஸை ஒரு விரற்கடை ஏற்றினாலே மேல் மூலைகள் இரண்டும் கறுத்துவிடும். "சூப்பர்" என்ற ஒரு சொல் விடுபட்டால் கேமராவின் ஏற்ற இறக்கமே போய்விடுகிறது. விளம்பரத்தைக் கண்ணை விரித்துக்கொண்டு படியுங்கள்.

கே: எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் விலையில் பெரிய வித்தியாசம். அந்த ஒரு ஸ்டாப் அவ்வளவு பெறுமா? (கோவை)

ப: கட்டடங்களுக்குள் எடுப்பவருக்குப் பெறும். படம் எடுக்கும்போது எப்படியும் எஃப்/22-க்கு மூடத்தான் போகிறோம். அகலத் திறப்பது தேய்கண்ணாடியில் பார்த்து ஃபோகஸ் செய்வதற்கு மட்டுமே. பிராகாரத்தின் நிழலில் எஃப்/8 கண்ணாடி மங்கலாகத்தான் தெரியும். அங்கே ஒரு தந்திரம்: ஃபோகஸ் வேண்டிய தூணுக்கு அருகில் ஒரு டார்ச்சை உங்களைப் பார்த்து எரியவிடுங்கள். அந்த வெளிச்சப் புள்ளியை லூப் வைத்துக் கூர்மையாக்கிவிட்டு, டார்ச்சை எடுத்துவிடுங்கள்.

வெயிலில் எடுப்பவருக்கு எஃப்/8 போதும். ஃபில்டரும் 82-க்குப் பதில் 67 மி.மீ.தான். நிக்கான் எஸ்டபிள்யூ 90 எஃப்/8 கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதே 67 மி.மீ. ஃபில்டர்தான், ஆனால் வட்டம் 235. எஃப்/5.6 சூப்பர்-ஆங்குலானின் வட்டமும் அவ்வளவே. என் ஓட்டு நிக்கானுக்கே.

கே: வைட் லென்ஸில் ஓரம் இருட்டும் என்கிறார்களே? (புதுச்சேரி)

ப: இருட்டும். சாய்வாகப் போகும் ஒளி அதிக தூரம் போய், அகலமாகப் பரவி விழுகிறது. 90-இல் மூலைக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறையும். லென்ஸை ஏற்றினால் மேல் மூலைகளில் இன்னும் குறையும். நடுவில் கறுத்து ஓரத்தில் தெளியும் சென்டர் ஃபில்டர் இதற்கான மருந்து. விலை அதிகம், ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு ஒளியையும் விழுங்கும். ஸ்லைடு எடுப்பவருக்கு அவசியம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் எடுப்பவர் பிரிண்ட் போடும்போதே சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இந்தத் தொல்லைக்கு 1900-இல் எமில் ஃபான் ஹோக் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் பரவசம்தான். கோர்ஸ் நிறுவனத்துக்காக அவர் அமைத்த ஹைப்பர்கான் லென்ஸில் இருப்பவை இரண்டே கண்ணாடிகள். இரண்டும் கிட்டத்தட்ட அரைக்கோளம். இரண்டும் சேர்ந்து 130 டிகிரிக்கு மேல் பார்க்கும். அதன் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிச் சக்கரம். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றை ஊதினால் சக்கரம் சுழலும். சுழலும்போது நடு ஒளியை மறைத்து ஓர ஒளியை விடும். ஓரத்துக்கு வேண்டிய ஒளி சேர்ந்ததும் சக்கரத்தைக் கீழே மடக்கிவிட்டு, நடுவுக்குச் சற்று நேரம் கொடுப்பார்கள்.

கே: கேமரா இல்லாமல் போய் இடம் பார்த்து வைக்க என்ன வழி? (சேலம்)

ப: சட்டைப்பையில் இருக்கிறது. பெரும்பாலான ஃபோன்களின் முதன்மைக் கேமரா, 35 மி.மீ. கணக்கில் 24 முதல் 26 வரை வரும். 4×5-இல் 90 பார்ப்பதும் ஏறக்குறைய அந்த அகலம்தான்.

கே: 90 மாட்டினால் லென்ஸ் அசைய மறுக்கிறது. பழுதா? (திருநெல்வேலி)

ப: பழுதில்லை, பெல்லோஸ் நசுங்கிக் கிடக்கிறது. பை போன்ற தளர்ந்த பேக் பெல்லோஸ் மாற்றுங்கள். அது கிடைக்காத கேமரா என்றால் உட்குழிந்த லென்ஸ் பலகை. லென்ஸ் விலையோடு இதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கே: செகண்ட் ஹேண்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (சென்னை)

ப: முதலில் ஷட்டரை. ஒரு நொடியில் வைத்து அழுத்திக் காதைக் கொடுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் சர்வீஸ் தேவை. கோப்பால் இந்த ஷட்டர்களைச் செய்வதை நிறுத்திவிட்டது, ஆகவே உள்ளதைக் காப்பாற்றத்தான் வேண்டும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை, தொடாதீர்கள். ஓரத்துக் கறுப்புப் பூச்சில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பயம் வேண்டாம். படத்தைக் கெடுக்காது, விலையைக் குறைக்க மட்டும் உதவும்.

கே: கோயிலுக்கு முன்னால் பின்வாங்கவே இடமில்லை. எந்த வைட்டிலும் அடங்காததை என்ன செய்வது? (தஞ்சாவூர்)

ப: உங்கள் ஊரிலேயே 1858-இல் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் பகுதி பகுதியாக எடுத்தார். 21 பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். நீங்களும் ஒட்டலாம். லென்ஸை அசைக்காமல் கேமராவின் பின்பக்கத்தை மட்டும் நகர்த்தி இரண்டு ஃபிலிம் எடுங்கள். தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தும். இதற்கும் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: தொல்லியல் துறையின் கீழுள்ள கோயில்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். லென்ஸுக்கு ஆர்டர் போடும் அன்றே அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.