குழாய் உடைந்தது ஒன்று, மனு மூன்று

கேள்வி: எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து ரோடே பள்ளமாகிவிட்டது. ஒருவர் 'குடிநீர்' என்றும், ஒருவர் 'சாலை' என்றும், நான் 'இதர' என்றும் புகார் கொடுத்தோம். யார் செய்தது சரி?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: 'குடிநீர்' என்றவர்தான். விளைவை விட்டுவிட்டுக் காரணத்தை எழுதியவர் அவர். பள்ளத்தை மூடிவிட்டுப் போனால் மறுவாரமே தண்ணீர் அதைத் திறந்துவிடும்!

1100 உதவி மையம் உட்பட முதல்வருக்கான மனுக்களை எல்லாம் 2021-இல் 'முதல்வரின் முகவரி' என்ற ஒரே துறையின்கீழ் கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மனு எந்த மேசைக்குப் போகும் என்பதை வகைதானே சொல்ல வேண்டும்? உங்கள் ஊருக்குள் என்றால் பேரூராட்சி, சுற்றுக் கிராமம் என்றால் ஊராட்சி, நெடுஞ்சாலை என்றால் அது வேறு துறை. 'இதர' என்று எழுதினால் யாருக்குமே சொந்தமில்லாத மனு.

மென்பொருள்காரர்கள் 1998-இல் வந்த 'பக்ஸில்லா' என்ற பிழைப் பதிவு மென்பொருளிலேயே ஒரே பிழையைப் பலர் பதிந்தால் 'நகல்' என்று குறித்து முதல் பதிவோடு சேர்த்துவிடுவார்கள். நீங்களும் தெருவே சேர்ந்து ஒரே வகையில், ஒரே மனுவாகக் கொடுங்கள். மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.