சிபில் போனால் போகட்டும்

குறைந்த சம்பளக்காரனுக்கு இந்த நாட்டில் மரியாதை கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம். என் சம்பளம் 17,000 ரூபாய். இதைச் சொன்னால் வீட்டு ஓனர் அட்வான்ஸை இரண்டு மாசம் கூட்டிக் கேட்பார். சொந்தக்காரர்கள், "அதுக்கென்ன, போகப் போக ஏறும்" என்று பல வருஷமாக ஒரே ஆறுதலைச் சொல்வார்கள். ஷோரூமில் மட்டும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன் அதே தொகையைக் கேட்டுவிட்டு, "சூப்பர் சார், உங்களுக்குக் கிரெடிட் கார்டு உடனே ஆயிடும்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவான். ஏசி காற்று, டம்ளரில் குளிர்பானம், வார்த்தைக்கு வார்த்தை 'சார்'. அதுவரை என்னை யாரும் 'எலிஜிபிள்' என்று சொன்னதில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்காமல் வெளியே வந்தால் அது அந்தப் பையனுக்குச் செய்கிற துரோகம்.

ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே தோசை மாவும் தண்ணீர் பாட்டிலும் குளிராக உட்கார்ந்திருக்கின்றன. வைப்பதற்கு வேறு எதையும் வாங்க முடியாதபடி அதன் கடன் பார்த்துக்கொள்கிறது.

நான் ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஊரார் ஜவுளி பேலுக்கெல்லாம் பில்டி போட்டுப் பைசா சுத்தமாகக் கணக்கு காட்டுவேன். வீட்டுக் கணக்கு வேறு ஜாதி. கிரெடிட் கார்டில் ஃப்ரிட்ஜும் தீபாவளி ஜவுளியும் ஆடித் தள்ளுபடியுமாக 30,000. செல்போனுக்குத் தவணை. கார்டு பில் கட்டத் தண்டல்காரரிடம் வாங்கிய 10,000. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் 4,200. மச்சானிடம் கைமாத்து 5,000.

இவர்களுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. யார் சத்தம் அதிகமோ அவருக்கு முதல் மரியாதை. தண்டல்காரர் காலையில் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார், அவருக்கு முதலில். அண்ணாச்சி ஒன்றும் சொல்ல மாட்டார், நான் துவரம் பருப்பு கேட்டால் நோட்டை மட்டும் ஒரு முறை புரட்டுவார், அவருக்கு அடுத்து. மச்சான் வட்டி கேட்பதில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் பக்கத்து இலைக்குக் கேட்கும்படி, "மாப்ளைக்கு இப்பக் கை கொஞ்சம் டைட்டு" என்பதோடு சரி, அவருக்கு மூன்றாவது. கார்டு மட்டும் பெரிய மனுஷன். வாசலுக்கு வராது, ஹாரன் அடிக்காது, குறுஞ்செய்தியில்கூட 'அன்பான வாடிக்கையாளரே' என்றுதான் ஆரம்பிக்கும். அதற்கு மினிமம் டியூ.

ஏழை பாழை வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. கடனை நாம் மானத்தின் வரிசையில் அடைக்கிறோம். அது வட்டியின் வரிசையில் வளர்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்தியூரிலிருந்து அம்மா வந்தாள். குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் கடன் வாங்கி மாடு பிடித்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றியே அந்தக் கடனை அடைத்தவள். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "எந்தக் கடனுக்கு எத்தனை வட்டி? ஒவ்வொண்ணாச் சொல்லு கண்ணு" என்றாள்.

"கார்டுக்கு வருசத்துக்கு 42 சதவீதம்மா."

"வருசக் கணக்கு பேங்க்காரன் பேசறது. நூத்துக்கு மாசம் எத்தனை?"

"மூணரை."

முறம் நின்றது.

"அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம்" என்றேன், மறைத்து என்ன ஆகப்போகிறது என்று.

"வட்டிக்கு வரியா? அப்ப நாலு வட்டிக்கு மேல போவுது. நம்மூர்ல நாலு வட்டிக்கு உடறவன் வூட்டுல பொண்ணுகூட எடுக்க மாட்டோம். நீ அவன் அட்டையப் பர்சுல வெச்சுக்கிட்டுச் சுத்தறே."

நான் மாசம் தவறாமல் 1,500 ரூபாய் கட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். கணக்கைப் பிரிக்கச் சொன்னாள். வட்டி 1,050. வட்டிக்கு ஜிஎஸ்டி 189. ஆக, என் 1,500 ரூபாயில் கடனைத் தொட்டது 261 ரூபாய். அதோடு, பழைய பாக்கி நிற்கிறவரைக்கும் புதிதாக வாங்குகிற சோப்புக்கும் சீப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகையெல்லாம் முழுப் பில்லையும் கட்டுகிற மகராசன்களுக்கு மட்டும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எச்சரித்துத்தான் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியில் படமாவது போடுகிறார்கள்; இதில் எழுத்து எறும்பு சைஸ்.

படித்தவன் என்பதைக் காட்ட ஒரு செய்தி சொன்னேன். கார்டுக்கு ஆண்டு வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போனால் அநியாயம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது.

"முப்பதுன்னா மாசம் எத்தனை?"

"ரெண்டரை."

"அந்த ரெண்டரையே சாஸ்திதான்" என்று அம்மா அந்த வழக்கை முடித்துவைத்தாள்.

அடுத்து செல்போன். "இது ஜீரோ வட்டிம்மா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நம்பவில்லை. சாயங்காலம் கடைக்கே கூட்டிப்போகச் சொன்னாள். அதே கவுன்ட்டர், அதே பையன்.

"ஏந்தம்பி, இந்த 18,000 ரூவா போனு, ரொக்கமாக் குடுத்தா எத்தனை கொறைப்பே?"

"ஆயிரம் ரூவா கொறைச்சுக்கலாங்கம்மா."

"தவணைன்னா?"

"தவணைக்குக் கொறைக்க முடியாதுங்க. ஆனா வட்டியே இல்லீங்கம்மா. பிராசசிங் ஃபீ மட்டும் 599."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஆயிரத்தி அறநூறு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆபீஸில் கால்குலேட்டரைத் தட்டினேன். பத்துத் தவணை, ஒன்றுக்கு 1,800. அதில் இரண்டை முதல் நாளே கவுன்ட்டரில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆக எனக்கு உண்மையில் கிடைத்த கடன் 14,400; அதுவும் மாசாமாசம் குறைந்துகொண்டே வருவது. இதற்கு நான் கொடுத்தது, கிடைக்காமல் போன தள்ளுபடியையும் சேர்த்து 1,599. நூற்றுக்கு மாசம் கிட்டத்தட்ட இரண்டரை. ஜீரோ சதவீதத் தவணைகளில் வட்டி வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரிசர்வ் வங்கிக்கு ஒரு துறையே தேவைப்பட்ட வேலையை அம்மா செருப்பைக் கழற்றாமல் கவுன்ட்டரில் நின்றே முடித்தாள்.

தண்டல் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். தினம் தினம் திருப்பிக் கொடுப்பதால் நம் கையில் சராசரியாக நிற்பது பாதிப் பணம்தான். கணக்குப் போட்டால் மாசம் பத்து வட்டியைத் தாண்டும். தண்டலையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது. எங்கள் தண்டல்காரர் அந்தச் சட்டத்தைப் படிக்காதவர். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

பத்து வட்டி என்றதும், "அப்ப முதல்ல இதைத்தாம்மா அடைக்கணும், இன்னும் 6,000 பாக்கி" என்றேன்.

"மொதல் நாளே வட்டியப் புடிச்சுட்டானல்லோ! இப்ப ஒரேயடியாக் குடுத்தா ஒத்தப் பைசா கொறைப்பானா? மாட்டான். லாபம் அவனுக்கு. அது பாட்டுக்கு நூறு நூறாப் போவட்டும். முடிஞ்சதும் மறுக்கா மட்டும் கை நீட்டாதே. கார்டு அப்படியில்ல, உக்காந்த எடத்துல குட்டி போடுது. மொதல்ல அதைத் தீரு."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, எங்கள் ஆபீஸ் லோடுமேன் ஒருவர் கைபேசிச் செயலியில் கடன் வாங்கிய கதையை எடுத்துவிட்டாள். ஐயாயிரம் கேட்டார், 3,500 வந்தது, ஏழாம் நாள் 5,000 கட்டச் சொன்னார்கள். அவர் தாமதித்தபோது அவர் செல்போனில் பெயர் பதிந்த அத்தனை பேருக்கும் அழைப்பு போனது, எனக்கும் வந்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்பது 2022 விதி. அம்மாவுக்கு விதி முக்கியமில்லை. மாச வட்டியைக் கேட்டாள். நூற்று எண்பதைத் தாண்டுகிறது என்றேன். "நூத்துக்கு நூத்தியெம்பதா? அவன் கடன் குடுக்கல, வலை போட்டிருக்கறான்" என்றவள், தண்டல்காரரை அன்றைக்கு முதன்முதலாக 'நல்ல மனுசன்' என்றாள்.

இந்தத் தணிக்கை நடந்த வாரத்தில் கார்டு கெடு தாண்டியிருந்தது. காலை ஏழரைக்கே வசூல் அழைப்பு. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவளே போனை வாங்கினாள்.

"எட்டு மணிக்கு மேல கூப்புடு சாமி. அப்படித்தான் சட்டமாம்."

அந்தப் பக்கம் குரல் விறைத்தது. "இன்னைக்கே கட்டலைன்னா உங்க பையனோட சிபில் போயிடும்மா."

"போனாப் போவட்டும். போறப்ப அந்த வட்டியவும் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை நீளும் அந்தக் கடன் மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வழியனுப்பு விழா வேறெங்கும் நடந்திருக்காது.

ஆனால் வழி சொன்னதும் அவள்தான். வீட்டுக்காரியின் செயினை வங்கியில் நகைக்கடனுக்கு வைத்து 30,000 வாங்கினோம். ஆண்டுக்கு 9 சதவீதம், அதாவது முக்கால் வட்டி. கார்டில் மாசம் 1,239 ரூபாய் தின்ற அதே கடன் இப்போது 225 ரூபாயில் அடங்குகிறது. பழையபடி அதே 1,500-ஐக் கட்டினாலும், கடனில் 261 குறைந்த இடத்தில் இனி 1,275 குறையும். தண்டல் முடிந்ததும், மாசாமாசம் அதற்குப் போன 3,000 ரூபாயும் இதே பக்கம் திரும்பும். அண்ணாச்சிக்கு மாசம் 500. "வட்டியில்லாத கடன்னு ஏமாத்திராதே. நாளைக்குக் கார்டு அரிசி போடாது, அவர்தான் போடுவாரு" என்பது அம்மாவின் உத்தரவு. மச்சானுக்கு ஒரே தவணையில் ஐயாயிரத்தையும், அடுத்த விசேஷத்தில் பந்தியில் வைத்தே, பக்கத்து இலைக்குக் கேட்கும்படி.

செயினைக் கழற்றிய வீட்டுக்காரி ஒரு நிபந்தனை போட்டாள். "அடகு வெச்சு இதை அடைச்சுட்டு, மறுபடியும் இதுலயே தேய்ச்சீங்கன்னா ரெண்டு கடனாயிரும். கார்டை எங்கிட்டக் குடுங்க." நியாயம்தான். நகையை வைத்துக் கார்டை அடைத்தவர்கள் பலர் ஆறு மாசத்தில் நகைக்கடனும் கார்டுக் கடனுமாக ஜோடியாக நிற்பது இந்த இடத்தில்தான். இப்போது அந்தக் கார்டு சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் இருக்கிறது. கல்லில் ஒட்டிய மாவை வழிக்க அதைவிடத் தோதான பொருள் கிடையாதாம். வாங்கிய நாளிலிருந்து அது வட்டி இல்லாமல் செய்கிற முதல் வேலை.

முப்பதாயிரத்தையும் ஒரே மூச்சில் கட்டியதில் வங்கி நெகிழ்ந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஒரு பெண் குரல் தேனாக அழைத்தது. என் ஒழுக்கத்தைப் பாராட்டி கார்டு லிமிட்டை 75,000 ஆக்க விரும்புகிறார்களாம். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். 'எலிஜிபிள்' என்ற சொல் மறுபடியும் காதில் விழுந்தது. வாய் 'ச' வரைக்கும் வந்துவிட்டது. அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஏங்கண்ணு, நூத்துக்கு மாசம் எத்தனை?"

"அது உங்க புரொஃபைலைப் பொறுத்ததும்மா."

"எங்க புரொஃபைலு நல்லாத்தான் இருக்குது. நீ வட்டியச் சொல்லு."

"சீனியர்கிட்டக் கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிடறேம்மா" என்றது தேன் குரல். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்போல.