குவெம்புநகர் நாட்காட்டிச் சாசனம்: பாடபேதங்களும் சில ஐயங்களும்

வீட்டுக்கு இன்டர்நெட் வாங்குவது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இக்கட்டுரையாளர் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை, ஆகவே வரவில்லை. பல முனைவர் பட்டங்களை வாங்கித் தந்த இதே முறையியல்தான் இங்கும் கையாளப்படுகிறது.

களமாக மைசூரு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடியை ஷாம சாஸ்திரி 1905இல் கண்டெடுத்தது இந்த ஊரில். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்கே. இக்கட்டுரையாளரின் மாமனார் வீடு குவெம்புநகரில் இருப்பதும், சாப்பாட்டுச் செலவு இல்லாததும் துணைக் காரணங்கள்.

முதலில் காலப்பகுப்பு. டயல்-அப் காலம்: 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது, போன் கீச்சிட்டது. பிரவுசிங் சென்டர் காலம்: மணிக்கணக்கில் காசு. அகலக்கற்றைக் காலம்: இதுதான் சிக்கல். எவ்வளவு இருந்தால் அகலம்? 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அகலம். 2013இல் 512 ஆக்கினார்கள். 2023இல் 2 மெகாபிட். ஆக, 2004இல் அகலமாக இருந்த ஒரு கம்பி, யாரும் தொடாமலேயே இரண்டு முறை இளைத்திருக்கிறது. இதை அகலக்கற்றை என்பதா, அகலப்பட்டை என்பதா, அகன்ற அலைவரிசை என்பதா என்று மூன்று கட்சிகள் உண்டு. மூன்று கட்சிக்காரர்களும் வீட்டில் சொல்வது 'நெட்'.

கடவுச்சொல் என்ற சொல்லுக்குக் 'கடத்தற்குரிய சொல்' என்று பொருள் சொல்வார்கள். கடவுளுக்கு மட்டும் தெரிந்த சொல் என்பதே சரி என்பதற்கு இக்கட்டுரை முழுவதும் சான்று.

இணைப்புக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்கள். மாமனாரிடம் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அதற்குள் போவதற்கு ஒரு பாதுகாப்புக் கேள்வி: தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன? நியாயமான கேள்வி, அயர்லாந்தில் கேட்டால். இங்கே தாயாருக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்தது ஓர் இனிஷியல். பின் இருந்தது வேறோர் இனிஷியல். மாமனார் தாத்தா பெயரைப் போட்டுப் பார்த்தார், ஊர்ப் பெயரைப் போட்டார், கடைசியில் 'இல்லை' என்று போட்டார். திறக்கவில்லை.

புதிதாக ஜிமெயில் தொடங்கலானார்கள். அது 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிகாபைட் இடம் தருகிறேன் என்று வந்தபோது, முட்டாள்கள் தினக் கூத்து என்று பலர் நம்பவில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் நின்றன. தமிழனுக்கு இருப்பது ஒரே பெயர். முன்னால் அப்பாவின் எழுத்து. அப்பாவைக் கடைசியில் தள்ளுவதா என்று அரை மணி நேரம் தகராறு. பெயரில் புள்ளி வைத்தால் கௌரவமாக இருக்கும் என்று மாமனார் இரண்டு புள்ளி வைத்தார். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்து வாழும் இனத்திடம் இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இனி இணைப்பு. ஆடி கழியட்டும் என்றார் மாமியார். ஆவணி பிறந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றே காலுக்கு ஃபைபர் பையன் கம்பிச் சுருளுடன் வந்து நின்றான். செவ்வாய்க்கு இராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், அவன் கடிகாரத்தைப் பார்த்து, "நாளே பர்த்தீனி சார்" என்று கிளம்பினான். நாளை வருகிறேன். இத்தொடரின் வேர் ஆழமானது. 1990களில் கர்நாடகத்தில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். இரவில் கதவைத் தட்டும் பெண் பேய், 'நாளை வா' என்று படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும். அக்காலத்தில் வீட்டுக்காரர் பேய்க்குச் சொன்னதை இக்காலத்தில் வருகிறவன் வீட்டுக்காரருக்குச் சொல்கிறான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு (காண்க: மாமியாரின் வாய்மொழி, காபிக்கு முன். காபிக்குப் பின் அவர் அளித்த திருத்தம் வேறு).

மறுநாள் புதன், பதினொரு மணிக்கே வந்துவிட்டான். கண்ணாடி இழையில் ஒளி ஓடும் நடுத்தண்டு 9 மைக்ரான். தலைமுடி அதைப்போல் ஏழெட்டு மடங்கு தடிமன். இழையைச் சீவி, இன்னோர் இழையோடு மின்பொறியில் ஒட்டி, மீட்டரில் வைத்துப் பார்த்து "சென்னாகிதே" என்றான். நன்றாக இருக்கிறது. பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. தன் போனில் சோதித்தான். பாஸ்வேர்டைத் தினக் காலண்டரின் அன்றைய தாளில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினான். போய்விட்டான். அவன் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அர்த்தசாஸ்திரச் சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவரையும் வரலாறு 'தஞ்சாவூர்ப் பண்டிதர்' என்பதோடு விட்டுவிட்டது.

அன்று நல்ல நேரம் முடிந்துவிட்டதால் வீட்டார் தங்கள் போன்களை வியாழனன்று இணைப்பதாக ஏற்பாடு.

வியாழன் காலை ஐந்தரைக்கு மாமியார் புதனைக் கிழித்தார். முப்பது வருடமாகக் கிழிக்கிறார். கிழித்த தாளில் திருநீறு மடித்து, காலண்டரைக் கொண்டுவந்து தந்த சேலத்துத் தம்பி கையிலேயே கொடுத்தனுப்பினார். ஏழு மணி பஸ். எட்டு மணிக்கு விஷயம் தெரிந்தது.

ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. இக்கட்டுரையாளரின் மகள், வயது பதினொன்று, வியாழன் தாளைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தாள். மேல்தாளில் அழுத்திய பேனாவின் தடம் அடித்தாளில் பள்ளமாக இருந்தது; கரியின் நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. கல்வெட்டுத் துறையினர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்துப் பள்ளத்தில் இறக்கி, மை ஒற்றி எடுத்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. அதற்குப் படி என்று பெயர். இந்த வீட்டில் மூலம் தமிழ்நாட்டில், படி மைசூரில். தமிழ்க் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கானவற்றின் நிலையும் நெடுங்காலம் இதுவே. படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. மகள் படியெடுத்த ஐந்தாம் நிமிடம் வெளியிட்டுவிட்டாள். அந்த வகையில் அவள் துறைக்கு லாயக்கில்லாதவள். எடுத்த படியை அச்சேற்றாமல் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பெரிய அறிஞர் என்பதற்கு அடையாளம்.

எழுத்துகள் எட்டு. வைஃபை பாஸ்வேர்டு எட்டெழுத்துக்குக் குறையவும் கூடாது, அறுபத்து மூன்றுக்கு மிகவும் கூடாது என்பது விதி. இதில் எட்டு எட்டுத்தொகையையும், அறுபத்து மூன்று நாயன்மாரையும் குறிப்பது தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

இக்கட்டுரையாளர் கொண்ட பாடம்: எம், ஒய், 5, 0, ஆர், 3, பி, கே. ஐந்தை 'எஸ்' எனவும், பூச்சியத்தை 'ஓ' எனவும், மூன்றைத் திருப்பி 'இ' எனவும் கொண்டால் 'மைசூர் பிகே'. பிகே என்பது பாக் என்பதன் தேய்வு. ஆகச் சாசனம் மைசூர்பாகைப் போற்றுவது. காலமும் கிடைத்துவிடுகிறது: ஊர்ப் பெயர் அதிகாரபூர்வமாக மைசூரு ஆனது 2014 நவம்பர் 1. பழைய வடிவம் இருப்பதால் சாசனம் அதற்கு முந்தியது. அது நேற்று எழுதப்பட்டது என்ற எதிர்வாதம் நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தை மட்டுமே நம்பியிருப்பதால் ஏற்புடையதன்று.

மாமனார் கட்சி வேறு. "அது எம் இல்ல மாப்பிள்ளை, என். மூணும் இல்ல, எட்டு."

"எட்டுன்னா மைசூரே வராதே, மாமா."

"வரலேன்னா என்ன? நெட் வந்தா போதாதா?"

பொருள் தராத பாடத்தை ஏற்பது ஆய்வு நெறிக்கு முரண் என்று இக்கட்டுரையாளர் பணிவுடன் பதிவு செய்தார் (காண்க: பால் கணக்கு நோட்டு, எண்ணெய்க்கறை படிந்த பக்கம், ஓரக் குறிப்புக்கு எழுதிய ஓரக் குறிப்பு, தலைகீழாகப் பிடித்து வாசிக்க, அதை மறுத்து மாமனார் மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதியது, அம்மறுப்புக்கு இக்கட்டுரையாளர் அதே ரசீதில் இடமில்லாமல் விளிம்பைச் சுற்றி எழுதிய மறுமொழி, கடிகாரச் சுற்றில்). மைசூர்பாக் பாடத்தைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றி இருபத்திரண்டு முறை அடித்துப் பார்த்தும் இணைப்பு வரவில்லை. பெட்டியில் கோளாறு இருக்க வேண்டும்.

அப்போது மகள் பெட்டியைத் திருப்பினாள். அடியில் வெள்ளை ஸ்டிக்கர். அதில் அச்சிட்டிருந்தது: என், ஒய், 5, 0, ஆர், 8, பி, கே. பையன் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் எல்லார் போனும் இணைந்தது, மாமியார் சீரியல் பார்க்க உட்கார்ந்தார்.

ஸ்டிக்கர் பிற்காலச் சேர்க்கை என்பதே இக்கட்டுரையாளரின் முடிவு. அச்சில் உள்ளது ஏடு பெயர்த்தோர் கைபட்டது. கையெழுத்தே மூத்த பாடம். இதை நிறுவப் படியை மீண்டும் ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வெள்ளி காலை ஆறு மணிக்குக் காலண்டரடிக்கு வந்தார். அதற்கு அரை மணி நேரம் முன்பே வியாழனும் கிழிபட்டிருந்தது. அதில் கற்பூரம் மடித்திருக்கிறது. தாளில் ஏதோ கரி, கையெல்லாம் ஒட்டுகிறது என்று மாமியார் அலுத்துக்கொள்கிறார்.